சுவருக்குள் பிறந்த தூரதேச வாகனம்

2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பேர்லின் நகரில் இரு வாரங்கள் தங்கியிருக்க நேர்ந்தது. நகரின் மேற்கு எல்லையிலுள்ள ஸ்பாண்டவ் பகுதியில் வசிக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரின் வீட்டில் தங்கினேன். போய்ச் சேர்ந்த மறுநாட் காலையில் அவர் என்னைக் கட்டடத்தின் பின்புறமிருந்த வாகனக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, பழைய படுக்கை விரிப்பினால் மூடப்பட்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டினார். வெள்ளியும் நீலமும் கலந்த நிறம். முன்சில்லுக்கு மேலிருந்து ஓட்டுநரின் முழங்கால் வரை இறங்கி நிற்கும் காற்றுக் கவசம். இருபுறமும் காதுகளைப் போல வெளியே நீண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள். 1977 ஆம் ஆண்டில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். அது.

"அண்ணை, நான் இந்த ஊருக்கு வந்தது 84 இலை. இது இஞ்சை பிறந்தது 77 இலை. என்னைவிட இதுதான் இந்த ஊருக்குச் சொந்தக்காரன்" என்று சிரித்தார் அவர்.

அது வெறும் பகிடியன்று. அந்த வாகனத்தைச் செய்த தொழிற்சாலை, அவரது வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், ஸ்பாண்டவின் பழைய கோட்டைக்கு அருகே இன்றும் இயங்குகின்றது.

மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதுவது எனது துறையன்று. பத்திரிகையில் நான் எழுதிக் குவித்தவை பெரும்பாலும் அரசியலும் அதன் விளைவான அவலங்களுமே. ஆயினும், அந்த இரு வாரங்களில் தம்பி சொன்னவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், இந்த இரும்புக் குதிரையின் கதைக்குள் இரண்டு உலக யுத்தங்களும், ஓர் எண்ணெய் நெருக்கடியும், ஒரு நகரத்தைச் சுற்றி எழுந்த சுவரும் அடங்கியிருப்பதைக் கண்டேன். ஆகவேதான் இக்கட்டுரை.

தடையிலிருந்து பிறந்த தொழில்

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் முதலிற் செய்தது மோட்டார் சைக்கிளுமன்று, காருமன்று. முதலாம் உலக யுத்த காலத்தில் விமான இயந்திரங்களைச் செய்து வளர்ந்த நிறுவனம் அது. யுத்தத்தில் ஜேர்மனி தோற்று, 1919 ஆம் ஆண்டு வேர்சாய் உடன்படிக்கை கைச்சாத்தானபோது, விமான இயந்திர உற்பத்தி தடை செய்யப்பட்டது. தொழிற்சாலையும் தொழிலாளரும் இருந்தனர், செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. பிழைப்புக்காகச் சிறிய இயந்திரங்களைச் செய்து வேறு மோட்டார் சைக்கிள் நிறுவனங்களுக்கு விற்றனர்.

அந்த இயந்திரம் இரண்டு சிலிண்டர்களை எதிரெதிர்த் திசையில் படுக்க வைத்த அமைப்புடையது. ஒன்றன்பின் ஒன்றாக வாகனத்தின் நீளவாட்டில் அது பொருத்தப்பட்டமையால், பின்னாலிருந்த சிலிண்டருக்குக் காற்றுப்படாமல் சூடேறியது. விமான இயந்திர வடிவமைப்பாளரான மக்ஸ் ஃபிரிஸ் அந்த இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பினார். இப்போது இரு சிலிண்டர்களும் காற்றில் நின்றன. அதனாற் கிடைத்த இன்னொரு நன்மையும் உண்டு. இயந்திரத்தின் சுழற்சி நேரே கியர்ப் பெட்டிக்கும், அங்கிருந்து ஓர் உருக்குத் தண்டின் மூலம் பின்சில்லுக்கும் சென்றது. ஊத்தை படிந்து, நீண்டு, அறுந்து தொல்லை தருகின்ற சங்கிலி தேவைப்படவில்லை. 1923 ஆம் ஆண்டில் ஆர் 32 என்ற பெயரில் வெளியான அந்த வாகனம் 494 சி.சி. கொள்ளளவும் 8.5 குதிரைவலுவும் கொண்டது. எதிரெதிராக நின்று குத்துச்சண்டை போடுவது போன்ற அசைவினால் அந்த இயந்திர அமைப்புக்குப் 'பொக்ஸர்' என்ற பெயர் நிலைத்தது.

1937 இல் ஏர்ன்ஸ்ட் ஹென்ன என்பவர் பி.எம்.டபிள்யூ. வாகனமொன்றில் மணிக்கு 279.5 கிலோமீற்றர் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார். 1939 இல் ஜோர்ஜ் மையர் பிரித்தானியரின் கோட்டையான மான் தீவுப் பந்தயத்தில் வென்றார். அதே ஆண்டில் யுத்தம் மூண்டது. அதன் பின்னரான கதை பெருமைக்குரியதன்று. மீண்டும் விமான இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிய இந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளில், தடுப்பு முகாம் கைதிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலைக்கு அமர்த்தப்பட்டனர். 2016 இல் நூற்றாண்டு நிறைவின்போது நிறுவனமே இதற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. பழைய வாகனங்களின் அழகைப் பேசுவோர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமற் கடந்து விடுகின்றனர்.

சுவருக்குள் ஒரு தொழிற்சாலை

யுத்தத்துக்குப் பின் ஜேர்மன் மக்கள் ஏழைகளாயிருந்த வரைக்கும் மோட்டார் சைக்கிள் விற்பனையானது. கையிற் பணம் சேர்ந்ததும் அவர்கள் கார் வாங்கத் தொடங்கினர். 1954 இல் ஏறத்தாழ 30,000 மோட்டார் சைக்கிள்களைச் செய்த பி.எம்.டபிள்யூ., 1957 இல் ஆறாயிரம் கூடச் செய்யவில்லை. 1959 டிசம்பர் மாதத்தில் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனமே டெய்ம்லர்-பென்ஸ் கையிற் போகவிருந்தது. சிறு பங்குதாரரின் எதிர்ப்பும், ஹேர்பேர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபரின் முதலீடுமே அதனைக் காப்பாற்றின. அறுபதுகளில் கார் வியாபாரம் செழித்தபோது, மியூனிச் தொழிற்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லாமற் போயிற்று.

1969 இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தி மேற்கு பேர்லினிலிருந்த ஸ்பாண்டவ் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. இங்குதான் வரலாற்றின் விசித்திரம் இருக்கின்றது. 1961 ஓகஸ்ட் 13 ஆம் திகதி தொடக்கம் மேற்கு பேர்லின் சுற்றிவரச் சுவரினாலும் முட்கம்பியினாலும் அடைக்கப்பட்ட நகரம். கிழக்கு ஜேர்மனியின் நடுவே ஒரு தீவு. அங்கிருந்து ஆட்களும் முதலீடும் வெளியேறாதிருக்க மேற்கு ஜேர்மன் அரசு வரிச்சலுகைகளை வழங்கியது. கிழக்கிலிருந்து வந்த தொழிலாளர் ஒரே இரவில் தடைப்பட்டுப் போக, துருக்கியிலிருந்து வந்தவர்கள் அந்நகரின் தொழிற்சாலைகளில் அவ்விடத்தை நிரப்பினர்.

எல்லையற்ற நெடுஞ்சாலைகளுக்காகச் செய்யப்படும் வாகனம், எந்தப் பக்கம் போனாலும் அரைமணி நேரத்தில் சுவரில் முட்டுகின்ற நகரமொன்றில் தயாராயிற்று. அங்கு தயாரான வாகனங்கள் கிழக்கு ஜேர்மனியைக் குறுக்கறுத்துத்தான் மேற்கு நாடுகளை அடைய வேண்டும். அந்த இடைவழி வீதிகளில் வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். அனுமதியின்றி வீதியைவிட்டு விலக முடியாது. மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடவல்ல வாகனத்தின் முதற் பயணம் சோதனைச் சாவடிகளுக்கு ஊடாகவே அமைந்தது.

காற்றை ஆராய்ந்த வடிவமைப்பாளர்

1969 இல் ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் நான்கு சிலிண்டர்கள் கொண்ட சி.பி. 750 வாகனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1972 இல் கவாசாக்கி நிறுவனம் 82 குதிரைவலு கொண்ட செட் 1 வாகனத்தை வெளியிட்டது. விலை குறைவு, வேகம் அதிகம், எண்ணெய் ஒழுகாது. பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழில் இந்த அலையில் அள்ளுண்டு போனமை யாவரும் அறிந்ததே. பொலிசாரும் வயோதிபரும் ஓட்டுகின்ற கறுப்பு நிற வாகனம் என்று பெயரெடுத்திருந்த பி.எம்.டபிள்யூ. என்ன செய்வது?

1973 இலையுதிர் காலத்தில் ஆர் 90 எஸ் வெளியாயிற்று. 898 சி.சி., 67 குதிரைவலு. முன்விளக்கைச் சுற்றிச் சிறியதொரு கவசம். புகை படர்ந்தது போன்ற வர்ணப் பூச்சு. இதன் தோற்றத்தை அமைத்தவர் ஹன்ஸ் மூத். வாகனம் கடைக்கு வந்த வேளையில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜேர்மனியின் வீதிகளில் தனியார் வாகனங்கள் ஓடத் தடை விதிக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் திரிந்த படங்கள் அன்றைய பத்திரிகைகளில் வெளிவந்தன. ஆயினும் ஆர் 90 எஸ் விற்பனையானது. 1976 இல் ரெஜ் பிரிட்மோர் அதே வாகனத்தில் அமெரிக்க சுப்பர்பைக் பந்தயத் தொடரின் முதலாவது சாம்பியன் ஆனார்.

அந்த ஆண்டிலேயே கொலோன் நகரக் கண்காட்சியில் ஆர் 100 ஆர்.எஸ். காட்சிக்கு வைக்கப்பட்டது. 980 சி.சி., 70 குதிரைவலு. குதிரைவலுவில் ஜப்பானியரை மிஞ்ச முடியாது என்பதை உணர்ந்த நிறுவனம், வேறொரு கேள்வியைக் கேட்டது. வாகனம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதல்ல. ஓட்டுபவர் அந்த வேகத்தை எத்தனை மணி நேரம் தாங்குவார் என்பதே அக்கேள்வி. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்றை எதிர்த்து இரு கைகளாலும் தொங்கிக்கொண்டிருப்பவர் ஒரு மணி நேரத்தில் களைத்துப் போவார். ஆகவே ஹன்ஸ் மூத், இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு அமர்த்தி, காற்று எங்கே மோதுகின்றது, எங்கே பிரிகின்றது, முன்சில்லை எங்கே தூக்குகின்றது என்று சோதித்துச் சோதித்து அந்தக் கவசத்தை அமைத்தார். அதற்கு முன்னரும் முயற்சிகள் நடந்தன. பிரித்தானியாவின் வின்சென்ற் நிறுவனம் 1954 இல் முழுமையாக மூடிய வாகனங்களை வெளியிட்டு, மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் உற்பத்தியைக் கைவிட்டது. முழுக் கவசத்தோடு தொழிற்சாலையிலிருந்தே பெருந்தொகையாக வெளிவந்து வெற்றி கண்டது ஆர் 100 ஆர்.எஸ். தான். 1984 வரை 33,000 இற்கு மேற்பட்டவை தயாராயின. பந்தய வேகமும் தொலைதூரப் பயணமும் ஒன்றிணைந்த ஒரு புதிய வாகன வகைக்கே அது வழிகாட்டியாயிற்று.

வைத்திருப்பதென்றால்

இத்தகைய வாகனத்தை ஓட்டுவது ஒன்று, வைத்திருப்பது இன்னொன்று. தம்பியின் கொட்டிலில் இதனைக் கண்கூடாகக் கண்டேன்.

இயந்திரம் நின்றபடி இயங்குகையில் முறுக்கியைத் திருகினால் முழு வாகனமும் வலப்புறமாக ஒருமுறை சாய்ந்து நிமிரும். நீளவாட்டில் சுழலும் தண்டின் விளைவு இது. ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் பின்புறம் உயரும், குறைத்தால் இறங்கும். ஜேர்மானியர் இதற்கு 'றப்பர் மாடு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கின்றனர். வளைவின் நடுவே முறுக்கியைச் சட்டென்று விடலாகாது. கியர் மாறும்போது மரக்கதவை அறைந்தது போன்ற ஓசை எழும். 24 லீற்றர் தாங்கியை நிரப்பினால் 350 கிலோமீற்றருக்கு மேல் நிற்காமல் ஓடலாம். சிலிண்டர்கள் கால்களுக்கு முன்னே இருப்பதால் குளிர் காலத்தில் அடுப்பருகே அமர்ந்தது போலிருக்கும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, சாதாரண மனிதன் சாதாரண ஆயுதங்களைக் கொண்டு செய்யக் கூடியவாறு இது அமைந்திருக்கின்றது. ஆசனத்தின் கீழ் ஆயுதப்பை. வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கப் பெற்றோல் தாங்கியைக் கழற்ற வேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அவை வெளியே நிற்கின்றன. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தை ஆயுதமின்றி விரலாலேயே கழற்றலாம். ஆனால் அறிந்திருக்க வேண்டிய பொறிகளும் உண்டு. முன் மூடியைத் திறப்பதற்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். மறந்தால் உள்ளேயிருக்கும் மின்னேற்றப் பலகை எரிந்து போகும். கிளச் பொருந்தும் தண்டின் பற்களுக்குக் காலத்துக்குக் காலம் கிரீஸ் பூச வேண்டும். அதற்குக் கியர்ப் பெட்டியையே பின்னே நகர்த்த வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒயில் வடிகட்டியின் மூடியிலுள்ள ஒரு சிறிய றப்பர் வளையம். அதைப் பிழையாகப் பொருத்தினால் ஒயில் அழுத்தம் குறைந்து இயந்திரமே அழிந்துவிடும். வாகனத்தை வாங்கிய இரண்டாம் ஆண்டில் தம்பியே அந்தப் பிழையை விட்டிருக்கின்றார். அவசரத்தில் பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருக்கின்றார். எச்சரிக்கை விளக்கு மினுங்கியதும் வீதியோரத்தில் நிறுத்தியதனால் இயந்திரம் தப்பியது. அன்று முதல் ஒயில் மாற்றும் நாளில் யாரோடும் கதைப்பதில்லை என்றார்.

அவர் அந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியதைப் பார்த்தபோது எனக்கு யாழ்ப்பாணத்தின் தொண்ணூறுகள் நினைவில் வந்தன. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் இல்லாத காலம். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புகையின் மணம் உடுப்பை விட்டுப் போகாது. இயந்திரத்தின் குணமறிந்து பழகுவது ஜேர்மானியரின் தனிச்சொத்தன்று.

கைவிட மறுத்தவர்கள்

1983 இல் பி.எம்.டபிள்யூ. தண்ணீரால் குளிரூட்டப்படும் நான்கு சிலிண்டர்கள் கொண்ட கே 100 வாகனத்தை வெளியிட்டது. 90 குதிரைவலு கொண்ட நவீன வாகனம். பெரிய பொக்ஸர் இயந்திரத்தின் காலம் முடிந்தது என்று நிர்வாகம் தீர்மானித்தது. 1984 இல் கடைசித் தொகுதி என்று சொல்லியே ஆர் 100 வாகனங்கள் விற்கப்பட்டன.

வாடிக்கையாளர்கள் அதனை ஏற்கவில்லை. புதியது வேகமானதுதான், ஆயினும் எங்களுக்குப் பழையது வேண்டும் என்றனர். இதற்கிடையில், 1980 இல் வெளியான ஆர் 80 ஜி/எஸ் என்ற பொக்ஸர் வாகனம், பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 1981, 1983, 1984, 1985 ஆம் ஆண்டுகளில் வென்று, அந்தப் பழைய இயந்திரத்தில் இன்னும் உயிருண்டு என்று காட்டியிருந்தது. ஈற்றில் நிறுவனம் பணிந்தது. 60 குதிரைவலுவுடன் ஆர் 100 ஆர்.எஸ். மீண்டும் உற்பத்திக்கு வந்தது. 1993 இல் முற்றிலும் புதிய பொக்ஸர் இயந்திரத்துடன் ஆர் 1100 ஆர்.எஸ். வந்தது. காற்றினால் குளிரும் பழைய இயந்திரத்தின் கடைசி வாகனம் 1996 டிசம்பர் மாதத்தில் ஸ்பாண்டவை விட்டு வெளியேறியது. நூற்றாண்டைக் கடந்துவிட்ட பொக்ஸர் அமைப்பு இன்றும் தொடர்கின்றது.

மரியன்போர்ன் வரை

தம்பி பேர்லினுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் முற்பகுதியில் எம்மவர் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினை அடைந்தனர். இரு பேர்லின்களுக்குமிடையே இருப்பது சர்வதேச எல்லை என்பதை மேற்கு நாடுகள் ஏற்காதமையால், மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985 இல் கிழக்கு ஜேர்மனி, விசா இல்லாத இலங்கைத் தமிழரை அவ்வழியே விடுவதை நிறுத்திக்கொண்டது. தம்பி அதற்கு முதல் வருடம் வந்தவர்.

வந்தவர் அகதி முகாமில் இருந்தார். வேலை செய்ய அனுமதியில்லை. தஞ்சம் கோரியோர் தமக்குக் குறித்த நிர்வாகப் பிரிவை விட்டு வெளியேறவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஸ்பாண்டவ் வீதியொன்றில் நின்று, புதிய மோட்டார் சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் லொறிகளை அவர் பார்ப்பதுண்டாம்.

"அதுகள் எல்லாம் போகுது அண்ணை. பிரான்சுக்குப் போகும், இத்தாலிக்குப் போகும். எனக்கு அடுத்த ஊருக்குப் போக ஏலாது. அண்டைக்கு நினைச்சனான், இதிலை ஒண்டு வாங்குவன் எண்டு."

வாங்கியது 1995 இல். சுவர் வீழ்ந்து ஆறாண்டுகளாகியிருந்தன. கையில் முறையான பத்திரமும் இருந்தது.

ஓகஸ்ட் 13 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சுவர் எழுந்து சரியாக 45 ஆண்டுகள். "ஏறுங்கோ அண்ணை, பயப்படாதேங்கோ" என்று தலைக்கவசத்தைத் தந்தார். பழைய இடைவழி வீதியில் மேற்கு நோக்கி ஏறத்தாழ 170 கிலோமீற்றர் சென்று, மரியன்போர்ன் என்ற இடத்தை அடைந்தோம். ஒருகாலத்தில் இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான மிகப்பெரிய சோதனைச் சாவடி. 1996 முதல் நினைவிடம். வெற்றுக் கூடாரங்கள், உயர்ந்த விளக்குக் கம்பங்கள், வாகனங்களைக் குடைந்து பார்த்த கொட்டகைகள். யாரும் எங்களை நிறுத்தவில்லை. நாங்களாகவே நிறுத்தினோம்.

என்னால் அந்த இடத்தை வேடிக்கை பார்ப்பவனாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 11 ஆம் திகதி, முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் அடைபட்டிருந்து, 2002 இல் திறந்து, நான்கு ஆண்டுகள் கூட நன்கு கழியாமல் மறுபடியும் மூடிய பாதை. யாழ்ப்பாணம் மீண்டும் தீவாயிற்று. ஜேர்மனியில் சோதனைச் சாவடி அருங்காட்சியகமாகிவிட்டது. எங்கள் ஊரில் அது புதிதாக மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. தம்பியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுபடியும் அந்த வீதியாற் பொதுமக்கள் போக்குவரத்துத் தொடங்க 2009 ஆம் ஆண்டின் பேரழிவு முடிய வேண்டியிருந்தது.

தம்பிக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. 230 கிலோ எடையுள்ள அந்த வாகனத்தை நிறுத்தியிலிருந்து இறக்க முதுகு இடங்கொடுப்பதில்லை என்று சென்ற ஆண்டு தொலைபேசியிற் சொன்னார். நல்ல விலைக்குக் கேட்டு வருவோரும் உண்டாம். விற்கவில்லை. பேர்லினிலேயே பிறந்து வளர்ந்த மகள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கின்றாள். அந்தச் சிறிய றப்பர் வளையத்தை எவ்வாறு பொருத்துவது என்பதையே அவளுக்கு முதலிற் சொல்லிக் கொடுத்தாராம்.